பாங்காக் சாவோ பிரயா ஆற்றில் இரவு உணவுப் படகு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாங்காக்குக்குப் பயணம் உறுதியானதும் பலரும் கேட்கும் முதல் சில கேள்விகளில் ஒன்று, ‘அந்த ஆற்றுப் படகுச் சாப்பாட்டுக்குப் போகலாமா?’ என்பதுதான். அதைத் தொடர்ந்து எந்தப் படகு, எந்தத் துறை, சைவம் கிடைக்குமா, மழை வந்தால் என்ன செய்வது என்று வரிசையாக வந்துவிடும். நான்கு முறை அந்தப் படகுகளில் ஏறி இறங்கியவன் என்ற முறையில், உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தனித்தனியாகச் சொல்லிவந்த பதில்களை இங்கே ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

இந்தப் படகில் என்னதான் நடக்கும்?

மாலை அல்லது இரவில் ஒரு துறையிலிருந்து புறப்படும் படகு, சாவோ பிரயா ஆற்றில் நகரத்தின் பழைய பகுதி வழியாக ஏறத்தாழ இரண்டு மணி நேரம் சென்று, பெரும்பாலும் எட்டாம் ராமர் என்ற தாய்லாந்து அரசரின் பெயர் கொண்ட பாலத்தை ஒட்டித் திரும்பி, புறப்பட்ட இடத்துக்கே வந்து சேரும். இடையில் இரவு உணவு உண்டு. பெரிய படகுகளில் பஃபே முறையில் நாமே எடுத்துக்கொள்ள வேண்டும். சிறியவற்றில் மேசைக்குக் கொண்டுவந்து பரிமாறுவார்கள். பாட்டு, சில படகுகளில் தாய்லாந்து நடனம், கடைசி அரை மணி நேரத்தில் பயணிகளின் ஆட்டம் ஆகியவை கூடவே வரும்.

கொடுக்கும் பணத்துக்குத் தகுமா?

சாப்பாட்டுக்காக மட்டும் போவதானால் தகாது. நூற்றுக்கணக்கானவர்களுக்கு ஒரே நேரத்தில் சமைத்து வைக்கும் உணவில் எதை எதிர்பார்க்கலாமோ அதுதான் பெரிய படகுகளில் கிடைக்கும், அதே பணத்துக்குக் கரையில் இதைவிட நன்றாகச் சாப்பிடலாம். ஆற்றுக்காகப் போவதானால் தாராளமாகத் தகும். பாங்காக் சாலைகளில் பார்த்துப் புரிந்துகொள்ளக்கூடிய நகரம் அல்ல, ஏனென்றால் அது ஆற்றையும் கால்வாய்களையும் நோக்கிக் கட்டப்பட்ட நகரம். நகரத்தின் முதல் நவீன சாலை என்று சொல்லப்படும் சாரோன் குருங் சாலையே 1860களில்தான் போடப்பட்டது. அரண்மனை, கோயில்கள், கிறித்தவத் தேவாலயங்கள், பழைய வணிக மாளிகைகள், மருத்துவமனை, பல்கலைக்கழகம் ஆகிய அனைத்தும் ஆற்றங்கரையிலேயே அடுத்தடுத்து நிற்பதால், ஒன்றரை மணி நேரத்தில் நாற்காலியில் அமர்ந்தபடியே 200 ஆண்டுகளுக்கு மேற்பட்ட நகர வரலாற்றைப் பார்த்துவிட முடிகிறது.

ஆகவே படகைத் தேர்ந்தெடுக்கும்போது உணவுப் பட்டியலின் நீளத்தைப் பார்க்காமல், அமரும் இடத்திலிருந்து ஆறு தெரியுமா என்று பார்க்க வேண்டும் என்பதே என் எண்ணம். கீழே வரும் பதில்களில் பலவும் இந்த ஒரு கணக்கிலிருந்து பிறந்தவைதான்.

படகுகளில் என்னென்ன வகைகள் உண்டு? கட்டணம் எவ்வளவு?

இரண்டு மூன்று தளங்கள் கொண்ட பெரிய பஃபே படகுகள் முதல் வகை. ஒருவருக்கு ஏறத்தாழ 900 முதல் 1,800 பாட் (தாய்லாந்து நாணயம்) வரை ஆகும். துறையில் எழுதியிருக்கும் விலைக்கும் இணையத்தில் முன்பதிவு செய்யும் விலைக்கும் பெரிய வேறுபாடு இருப்பது வழக்கம் என்பதால், நேரில் போய்ச் சீட்டு வாங்குவது வீண் செலவு. இந்தியக் குடும்பங்கள் அதிகம் காணப்படுவது இவற்றில்தான்; இந்திய உணவுக்குத் தனி மேசையும் இந்திப் பாட்டும் உள்ள படகுகள் சிலவும் உண்டு.

ஒரு காலத்தில், பழைய தலைநகரான ஆயுத்தயாவின் சமவெளியிலிருந்து நெல் ஏற்றி வந்த தேக்குமரத் தோணிகளைச் செப்பனிட்டு, மேசை நாற்காலி போட்டு ஓட்டும் சிறிய படகுகள் இரண்டாம் வகை. வயிறு பருத்த, தாழ்வான அந்தத் தோணிகளில் சில பத்துப் பேர்தான் அமர முடியும். தண்ணீர் கைக்கெட்டும் தூரத்தில் ஓடும். கட்டணம் 2,000 பாட்டுக்கு மேல் போகும். இருவர் மட்டும் போவதாக இருந்து, கையில் பணமும் இருந்தால், நான் தயங்காமல் இதைத்தான் சொல்வேன். பத்துப் பேர் கொண்ட கூட்டுக் குடும்பம், அதில் நான்கு பிள்ளைகள் என்றால் பெரிய படகுதான் சரி. பிள்ளைகள் ஓடியாட இடம் வேண்டும், பாட்டுச் சத்தத்தில் அவர்கள் போடும் சத்தமும் கரைந்துபோகும்.

எங்கே போய் ஏற வேண்டும்?

இந்தப் பதிலை நிதானமாகப் படியுங்கள். மற்ற எந்தத் தவறையும் படகில் ஏறிய பிறகு சமாளித்துவிடலாம். துறை தவறினால் படகே போய்விடும்.

உணவுப் படகுகள் முக்கியமாக மூன்று இடங்களிலிருந்து புறப்படுகின்றன. கிழக்குக் கரையில் சி பிரயா பகுதியில் உள்ள ரிவர் சிட்டி வணிக வளாகத்தின் துறை ஒன்று. அதற்கு ஏறக்குறைய எதிரே, மேற்குக் கரையில் 2018ஆம் ஆண்டு நவம்பரில் திறக்கப்பட்ட ஐகான்சியாம் பேரங்காடியின் துறை மற்றொன்று. தெற்கே வெகுதூரம் தள்ளி, பழைய கப்பல் கிடங்குகளைக் கடைத்தெருவாக மாற்றி 2012இல் திறந்த ஏசியாட்டிக் மூன்றாவது. ஒரே நிறுவனம் தன் ஒரு படகை ஒரு துறையிலிருந்தும் மற்றொரு படகை வேறொரு துறையிலிருந்தும் ஓட்டுவது உண்டு.

என் முதல் பயணத்தில் நான் ரிவர் சிட்டியில் நின்றுகொண்டிருந்தேன். என் படகு எதிர்க்கரையில் ஐகான்சியாமில் விளக்கெல்லாம் ஏற்றிக்கொண்டு நின்றது. சீட்டில் துறையின் பெயர் சிறிய எழுத்தில் சரியாகத்தான் அச்சாகியிருந்தது. அதைப் படிக்காமல், நண்பர் ஒருவர் முந்தைய ஆண்டு ஏறிய இடத்துக்கு நான் போனதுதான் தவறு. நல்லவேளையாக சி பிரயாவிலிருந்து எதிரே க்லாங் சான் துறைக்குச் சில பாட் கட்டணத்தில் அக்கரைப் படகு ஓடிக்கொண்டிருந்ததால், அதில் கடந்து, பேரங்காடியின் முன்புறம் வழியாக ஓடி, கயிற்றை அவிழ்க்கும் நேரத்தில் ஏறினேன்.

மாலை 5 மணிக்கு மேல் ஆற்றங்கரைச் சாலைகளில் டாக்சியை நம்ப வேண்டாம். வான் தொடர்வண்டியில் சபான் தக்சின் நிலையத்தில் இறங்கினால் கீழேயே சாத்தோர்ன் துறை இருக்கிறது; அங்கிருந்து ஐகான்சியாமுக்கும் ஏசியாட்டிக்குக்கும் படகுகள் உண்டு. ஐகான்சியாமுக்கு நேராகப் போக, குருங் தோன் புரி நிலையத்தில் இறங்கித் தங்கத் தடம் எனப்படும் சிறு தொடர்வண்டிக்கு மாறி, சாரோன் நகோன் நிலையத்தில் இறங்கலாம். ரிவர் சிட்டிக்கு அருகில் உள்ள சுரங்கத் தொடர்வண்டி நிலையம் ஹுவா லம்போங். அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்குச் சற்று மேல் நடக்க வேண்டும்.

சூரியன் மறையும் நேரத்துப் படகா, இரவுப் படகா?

இரண்டும் வெவ்வேறு காட்சிகள். பாங்காக்கில் சூரியன் டிசம்பரில் 6 மணிக்குச் சற்று முன்பும், ஜூன், ஜூலை மாதங்களில் 6.45 மணியை ஒட்டியும் மறைகிறது. 5 அல்லது 5.30 மணிக்குப் புறப்படும் படகில் வானம் நிறம் மாறுவதையும் கரையில் விளக்குகள் ஒவ்வொன்றாக எரியத் தொடங்குவதையும் பார்க்கலாம். கட்டணமும் சற்றுக் குறையும். 7.30 அல்லது 8 மணிப் படகில் எல்லா விளக்குகளும் எரிந்த நிலையில் நகரம் தெரியும், கட்டடங்களுக்கு இடையில் உள்ள வீடுகளும் தோணிகளும் இருளில் மறைந்துவிடும்.

ஒரே ஒரு முறைதான் போக முடியும் என்றால் டிசம்பர், ஜனவரி மாதங்களில் முதலாவதையும், மழைக்காலத்தில் இரண்டாவதையும் தேர்ந்தெடுப்பேன். மழை பெரும்பாலும் பிற்பகலிலும் மாலையிலும் கொட்டித் தீர்த்துவிட்டு இரவில் ஓய்வதுண்டு.

எந்தப் பக்கத்தில் அமர்ந்தால் நன்றாகத் தெரியும்?

படகு போன வழியே திரும்பி வருவதால் இரண்டு பக்கங்களுக்கும் இரண்டு கரைகளும் ஒருமுறை கிடைக்கும். ஆயினும் எது எங்கே வரும் என்று முன்கூட்டியே தெரிந்திருப்பது மிகவும் உதவும், ஏனென்றால் படகில் அறிவிப்பு சொல்லும் குரல் பாட்டுச் சத்தத்தில் காதில் விழாது. ரிவர் சிட்டியிலிருந்து ஆற்றை எதிர்த்து மேலே போவதாக வைத்துக்கொள்ளுங்கள். இடப்பக்கம் தோன்புரி எனப்படும் மேற்குக் கரை, வலப்பக்கம் பாங்காக் பழைய நகரம்.

முதலில் வலப்பக்கம் சீனர் பகுதியின் பின்புறம் வரும். பிறகு இரண்டு பாலங்கள் ஒட்டி ஒட்டி வரும். அவற்றுள் பழைய இரும்புப் பாலம், சக்கிரி அரச வம்சத்தின் 150ஆம் ஆண்டு நினைவாக 1932ஆம் ஆண்டு ஏப்ரல் 6 அன்று திறக்கப்பட்டது. விழா முடிந்து மூன்று மாதம்கூட ஆவதற்குள், ஜூன் 24 அன்று, நாட்டில் முழு முடியாட்சியே முடிவுக்கு வந்துவிட்டது. பாலத்தைக் கடந்ததும் இடப்பக்கம் குவிமாடத்துடன் சாந்தா குரூஸ் தேவாலயம் தெரியும். போர்த்துகீசிய வழிவந்த குடும்பங்கள் 18ஆம் நூற்றாண்டிலிருந்து வாழும் இடம் அது. வலப்பக்கம் பாக் க்லாங் தலாட் பூச்சந்தை. நம் ஊர்ப் பூக்கடைகளில் காணும் அதே சாமந்தி மூட்டை மூட்டையாக விடிய விடிய விற்கும் இடம்.

அடுத்து இடப்பக்கம் வாட் அருண் கோயில், வலப்பக்கம் வாட் போ கோயில், அதையொட்டிப் பேரரண்மனை. 1782ஆம் ஆண்டு முதலாம் ராமர் தலைநகரை மேற்குக் கரையிலிருந்து கிழக்குக் கரைக்கு மாற்றியபோது தொடங்கிய அரண்மனை அது. பயணத்தின் உயிர்நாடி இந்த ஒரு கிலோமீட்டர்தான். இந்த இடத்தில் நாம் மிதந்துகொண்டிருப்பது இயற்கையான ஆறே அல்ல என்பது பலருக்குத் தெரியாது. பழைய ஆறு மேற்கே பெரிய வளைவு போட்டுச் சுற்றி வந்தது. 16ஆம் நூற்றாண்டில் ஆயுத்தயாவின் அரசர் சாயிராசா காலத்தில், கப்பல்கள் சுற்றாமல் போவதற்காகக் குறுக்கே வெட்டிய கால்வாயில் ஆறு தானாகப் பாய்ந்து, அரித்து அகலமாகி, அதுவே முதன்மை ஆறாகிவிட்டது. சுற்றி வந்த பழைய ஆறு இன்று பாங்காக் நோய், பாங்காக் யாய் என்ற இரண்டு கால்வாய்களாகச் சுருங்கிக் கிடக்கிறது.

மேலும் சென்றால் இடப்பக்கம் 1888இல் தொடங்கிய சிரிராஜ் மருத்துவமனை, வலப்பக்கம் 1934இல் தொடங்கிய தம்மசாத் பல்கலைக்கழகம், பிறகு வெள்ளை நிறத்தில் பிரா சுமேன் கோட்டை. சுமேன் என்பது நாம் அறிந்த சுமேரு மலையின் பெயர்தான். நகரைச் சுற்றிக் கட்டிய 14 கோட்டைகளில் இன்று மிஞ்சியிருப்பவை இரண்டு, அவற்றில் இது ஒன்று. அதன் பின் ஒற்றைக் கோபுரத்திலிருந்து மஞ்சள் கம்பிகள் விசிறியாக இறங்கும் எட்டாம் ராமர் பாலம் வரும், 2002இல் திறந்தது. இங்கே படகு திரும்பும்.

ஒரு சிக்கல் உண்டு. 7.30க்குப் புறப்படும் படகு ஏறத்தாழ 20 நிமிடங்களில் வாட் அருணுக்கு முன்னால் இருக்கும். பஃபே திறந்து எல்லோரும் தட்டுடன் வரிசையில் நிற்கும் நேரமும் அதுவே. எனவே வரிசையை மறந்துவிட்டு மேல்தளத்துக்குப் போங்கள். கரை பார்த்து முடித்த பிறகு, எட்டாம் ராமர் பாலத்தை நெருங்கும் வேளையில் கீழே வந்தால் வரிசை இருக்காது, பாத்திரங்களையும் மறுபடி நிரப்பியிருப்பார்கள். திரும்பி வரும்போது இறால் தட்டை வைத்துக்கொண்டு இன்னொரு முறை அதே கோபுரத்தைப் பார்க்கலாம்.

மேல்தளமா, குளிரூட்டிய கீழ்த்தளமா?

மேல்தளம். கீழ்த்தளத்தில் பெரிய கண்ணாடிச் சன்னல்கள் இருக்கின்றன என்று விளம்பரத்தில் காட்டுவார்கள், அது உண்மையும்கூட. ஆனால் உள்ளே விளக்கு எரியும்போது இரவில் அந்தக் கண்ணாடியில் நம் முகமும் பின்மேசைக்காரரின் சோற்றுத் தட்டும்தான் தெரியும். மின்விசிறிக் காற்றும் ஆற்றுக் காற்றும் போதவில்லை என்கிற ஏப்ரல், மே மாதங்களிலும் சிறு குழந்தைகள் உடன் இருக்கும்போதும் மட்டும் கீழே அமரலாம். எந்தத் தளம் என்பதை முன்பதிவின்போதே குறிப்பிட வேண்டும். ஏறிய பிறகு மாற்றித் தருவது அரிது.

வாட் அருணைப் பற்றி இவ்வளவு சொல்கிறார்களே, அப்படி என்ன இருக்கிறது?

அருணன் என்ற பெயரை நமக்கு விளக்க வேண்டியதில்லை, சூரியனின் தேரோட்டி. விடியலின் பெயரைக் கொண்ட இந்தக் கோயில் மேற்குக் கரையில் நிற்பதால் மாலையில் சூரியன் அதன் முதுகுக்குப் பின்னால்தான் இறங்குகிறது, அதனால் உலகமே அதை அந்தி நேரத்துப் படமாகவே அறிந்திருக்கிறது.

இரவில் ஆற்றிலிருந்து பார்த்தால் நடுக் கோபுரம் பொன்னால் செய்ததுபோல இருக்கும். பகலில் அருகில் போய்ப் பார்த்தால் அதில் பொன் அல்ல, பீங்கான். சீனத்திலிருந்து வந்த கப்பல்களில் பாரத்துக்காக அடித்தட்டில் போட்டு வந்த பீங்கான் பண்டங்களையும் அவற்றின் உடைசல்களையும், சிப்பிகளையும் சுண்ணச் சாந்தில் பதித்துப் பூவும் இலையுமாக ஆக்கியிருக்கிறார்கள். ஒரு முழுத் தட்டு பூவின் நடுவாக இருக்கும். அதைச் சுற்றி உடைந்த கிண்ணத்தின் வளைந்த துண்டுகள் இதழ்களாக நிற்கும். சில துண்டுகளில் நீலக் கோடு பாதியில் அறுந்து அடுத்த துண்டில் வேறெங்கோ தொடங்கும். இரண்டாம், மூன்றாம் ராமர் காலங்களில் இன்றைய உயரத்துக்கு எழுப்பிய கோபுரம் இது. படகில் போகும் நாளின் பகலிலேயே தா தியென் துறையிலிருந்து அக்கரைப் படகில் சென்று இதை மிக அருகில் பார்த்துவிட்டால், இரவில் பார்க்கும் காட்சிக்குப் பொருள் கூடும்.

சைவ உணவு கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் ‘வெஜிடேரியன்’ என்ற ஒரு சொல்லை மட்டும் நம்பிச் சாப்பிட முடியாது. தாய்லாந்துச் சமையலில் மீன் சாறு நம் உப்பைப்போல. நாம் ப்லா என்ற அந்தச் சாறும், கப்பி என்ற இறால் விழுதும் காய்கறி வதக்கலிலும் குழம்பு மசாலாவிலும் கலந்திருக்கும். இறைச்சித் துண்டு கண்ணில் படவில்லை என்பதால் அது சைவமாகிவிடாது. பப்பாளிக்காய்ச் சாலட்டில் உலர்ந்த இறாலை இடித்துப் போடுவது இயல்பான வழக்கம்.

‘ஜே’ என்பது இங்கே மிகவும் பயன்படும் சொல். சீன பௌத்த மரபில் வந்த தூய சைவ நோன்பு உணவை அது குறிக்கும். இறைச்சி, மீன், முட்டை, பால் எதுவும் இருக்காது, பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது. ‘மங்சவிரட்’ என்றால் முட்டையும் பாலும் சேரலாம். ‘கின் ஜே’ என்று சொன்னால் நாம் ஜே உணவுக்காரர் என்று புரிந்துகொள்வார்கள். ‘மாய் சாய் நாம் ப்லா’ என்றால் மீன் சாறு சேர்க்க வேண்டாம் என்று பொருள். ஆனால் பஃபே மேசையில் நின்று இதைச் சொல்லிப் பயனில்லை, சமையல் ஏற்கெனவே முடிந்திருக்கும். முன்பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுத்து, பதிலையும் எழுத்தில் பெற்றுக்கொள்ள வேண்டும். மேசைக்குப் பரிமாறும் படகுகளில் தனிச் சைவப் பட்டியலே இருப்பதுண்டு. இந்திய உணவு மேசை உள்ள பெரிய படகுகளில் பருப்பும் ஒரு காய்கறிக் கறியும் சோறும் உறுதியாகக் கிடைக்கும். வெங்காயம், பூண்டு, கிழங்கு இல்லாத சமண உணவையும் முன்கூட்டிச் சொன்னால் சிலர் செய்து தருகிறார்கள். ஹலால் என்று அறிவித்து ஓடும் படகுகளும் உண்டு.

எந்தச் சந்தேகமும் இல்லாமல் சைவர்கள் உண்ணக்கூடியது மாம்பழத்துடன் தேங்காய்ப்பால் ஊற்றிய ஒட்டரிசிச் சோறு. உப்பு ஒரு சிட்டிகை தூக்கலாக இருக்கும் அந்தத் தேங்காய்ப்பாலுக்காக நான் இரண்டாம் முறையும் வரிசையில் நின்றிருக்கிறேன்.

அசைவம் சாப்பிடுகிறவர்கள் எதை எடுக்கலாம்?

இறால் போட்ட டாம் யாம், தீயில் வாட்டிய ஆற்று இறால், மசமன் கறி. பேரரத்தையும் எலுமிச்சைப் புல்லும் நாரத்தைக்கு உறவான ஓர் எலுமிச்சையின் இலையும் போட்ட டாம் யாமில் அந்த மூன்றையும் மெல்லாமல் ஒதுக்கிவிட வேண்டும். மசமனில் பட்டையும் ஏலமும் உருளைக்கிழங்கும் சேர்வதால் நம் குருமாவின் உறவுக்காரர் என்பது முதல் வாயிலேயே தெரிந்துவிடும். சூசியையும் பச்சை மீனையும் வெப்பமான இரவில் திறந்த மேசையில் பார்த்தால் கடந்து போய்விடுங்கள்.

மழைக்காலத்தில் போகலாமா?

போகலாம். மே முதல் அக்டோபர் வரை மழைக்காலம்; மழைக்காக மட்டும் படகை நிறுத்துவது அரிது, மேல்தளத்துக்குக் கூரை இல்லாத படகுகளில் எல்லோரையும் கீழே அனுப்பிவிடுவார்கள். மழைக்காலத்தின் கடைசியில், அக்டோபரிலும் நவம்பரின் தொடக்கத்திலும், வடக்கே பெய்த மழையெல்லாம் பிங், நான் ஆறுகள் வழியாக நகோன் சவானில் சேர்ந்து இந்த ஆற்றில் இறங்குவதால் நீர்மட்டம் உயர்ந்து, ஓட்டமும் வேகமாக இருக்கும். ஆகாயத்தாமரை தீவு தீவாக மிதந்து வரும். மழையும் வெயிலும் தொல்லை தராத காலம் நவம்பர் நடுவிலிருந்து பிப்ரவரி வரை.

முதியவர்களையும் குழந்தைகளையும் அழைத்துப் போகலாமா? பாதுகாப்பு எப்படி?

ஆற்றில் கடலைப்போல அலை இல்லை, தலைசுற்றல் வருவது அரிது. கவனிக்க வேண்டிய இடம் ஏறும் இடம்தான். கடல் அதிகத் தொலைவில் இல்லாததால் ஆற்றில் ஓதம் ஏறி இறங்குகிறது. அதற்கேற்ப உயர்ந்து தாழும்படி துறையை மிதவை மேல் அமைத்திருக்கிறார்கள். நீர் தாழ்ந்திருக்கும் நேரத்தில் கரையிலிருந்து மிதவைக்கு இறங்கும் பாலம் செங்குத்தாகிவிடும். மிதவையும் படகும் தனித்தனியே ஆடும். இடையில் ஒரு சாண் இடைவெளி திறந்து மூடும். என் தாயாரை அழைத்துப் போனபோது, அவர் சேலையைக் கையில் பிடித்துக்கொண்டு காலை எடுத்து வைக்கப் போன நேரத்தில், பணியாள் ஒருவர் கையை நீட்டித் தடுத்தார். வேகப்படகு ஒன்று கடந்துபோன அலை வந்து மோதி, மிதவை ஒருமுறை எழுந்து தணிந்தது. அதன் பிறகே ‘இப்போது’ என்பதுபோலத் தலையசைத்து முழங்கையைப் பிடித்து ஏற்றினார். முதியவர்கள் கூட்டத்தோடு முண்டியடித்து ஏறாமல் கடைசியாக ஏறுவது நல்லது.

சக்கர நாற்காலி பயன்படுத்துவோருக்குக் கீழ்த்தளம் மட்டுமே இயலும், மேல்தளத்துக்குப் பெரும்பாலும் படிக்கட்டுதான். அமர்ந்ததும் உயிர்காப்பு மேலாடைகள் எங்கே இருக்கின்றன என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரவில் ஒரு சிறிய இழுவைப் படகின் பின்னால் மணல் ஏற்றிய பெருந்தோணிகள் மூன்று நான்கு வரிசையாக, விளக்கு அதிகம் இல்லாமல், மெல்ல நகர்ந்து வரும். குழந்தைகளுக்குக் கோபுரங்களைவிட அவற்றைத்தான் பிடிக்கும்.

என்ன உடை அணிய வேண்டும்?

பெரிய படகுகளில் சாதாரண உடை போதும். சில உயர்கட்டணப் படகுகளில் கையில்லாத மேலாடை, அரைக்கால் சட்டை, ரப்பர் செருப்பு ஆகியவற்றுடன் ஆண்களை அனுமதிப்பதில்லை.

மது கிடைக்குமா?

கிடைக்கும், பெரும்பாலும் கட்டணத்தில் அடங்காது. பௌத்தர்களின் முக்கியப் புனித நாட்களில் மது விற்பனைக்குக் கட்டுப்பாடு உண்டு, விதிகள் அண்மைக் காலத்தில் மாறியும் வருகின்றன என்பதால், பயண நாள் விசாக பூசை போன்ற பௌர்ணமியில் விழுந்தால் முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து புட்டி கொண்டுவந்தால் தனிக் கட்டணம் கேட்பார்கள்.

கட்டணத்துக்கு மேல் வேறு என்ன செலவு வரும்?

ஏறும் முன் சட்டையில் ஒரு வண்ண ஒட்டுத்தாளை ஒட்டுவார்கள். எந்தத் தளம், எந்தக் குழு என்று அறிய அது. அதோடு தாய்லாந்து உடை அணிந்த பெண்கள் இருபுறமும் நிற்க ஒரு புகைப்படம் எடுப்பார்கள். இறங்கும் நேரத்தில் அதே படம் அட்டையில் ஒட்டப்பட்டு மேசைக்கு வரும்; வாங்கினால்தான் பணம், வேண்டாம் என்றால் புன்னகையோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். தண்ணீர் புட்டிக்குக்கூடச் சில படகுகளில் தனி விலை.

லாய் கிராதோங் அன்று போவது நல்லதா?

தாய்லாந்து நாட்காட்டியின் பன்னிரண்டாம் மாதப் பௌர்ணமியில், பெரும்பாலும் நவம்பரில், வாழைத்தண்டு வட்டில் இலையும் பூவும் செருகி, மெழுகுவத்தியும் ஊதுவத்தியும் ஏற்றி ஆற்றில் விடும் விழா அது. அன்று படகுக் கட்டணம் மிகவும் உயரும், சீட்டுகள் வாரக்கணக்கில் முன்பே தீரும், ஆறு முழுவதும் படகாக இருப்பதால் வேகமும் குறையும். என்னைக் கேட்டால், அந்த ஒரு நாள் படகில் இருப்பதைவிடக் கரையில் மக்களோடு நின்று ஒரு கிராதோங்கை நீரில் விடுவதே மேல். படகின் உயரத்திலிருந்து அந்தச் சிறு சுடர்கள் சரியாகத் தெரிவதும் இல்லை.

சீலோம் மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டு அப்படியே படகுக்குப் போக முடியுமா?

முடியும். 19ஆம் நூற்றாண்டில் இங்கு வந்து குடியேறிய தமிழர்கள் எழுப்பிய அந்தக் கோயிலிலிருந்து சுரசாக் நிலையத்துக்கு நடந்து போகலாம். அடுத்த நிலையமே சபான் தக்சின். நவராத்திரியின் நிறைவில் அம்மன் ஊர்வலம் போகும் இரவில் மட்டும் சீலோம் சாலையையும் சுற்றுத் தெருக்களையும் மூடிவிடுவதால், அன்று இரண்டையும் சேர்த்துத் திட்டமிட வேண்டாம்.

அவ்வளவு பணம் செலவிட இயலாது. வேறு வழி உண்டா?

உண்டு, அதுவும் நல்ல வழி. ஆரஞ்சுக் கொடி கட்டிய பொதுப் படகு இருபது பாட்டுக்குள் இதே ஆற்றில், இதே கோயில்களின் முன்னால் ஓடுகிறது. பின்தட்டில் நிற்கும் பணியாள் ஊதும் ஊதல் ஒலியின் நீளத்தையும் எண்ணிக்கையையும் கேட்டே ஓட்டுநர் துறையில் அணைப்பதை அதில்தான் காண முடியும். சேவை மாலையோடு முடிந்துவிடும் என்பதால் 5 மணிக்குச் சாத்தோர்னில் ஏறி, தா தியெனில் இறங்குங்கள். அங்கே ஆற்றை நோக்கிய உணவகங்களின் மாடியில் அமர்ந்தால் வாட் அருண் நேர் எதிரே. அது நகராது, நீங்களும் நகர வேண்டாம். சாப்பிட்டு முடித்ததும் சனாம் சாய் சுரங்க நிலையம் நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது.

இரவில் திரும்பி வருவது எளிதா?

9.30 அல்லது 10 மணிக்கு இறங்கும்போது தொடர்வண்டிகள் ஓடிக்கொண்டுதான் இருக்கும். நள்ளிரவு வரை ஓடும். துறை வாசலில் நிற்கும் துக்துக் ஓட்டுநர்கள் சொல்லும் முதல் விலைக்கு ஏறாமல், வெளியே சாலைக்கு வந்து மீட்டர் போடும் வண்டியையோ கைப்பேசிச் செயலியில் வரும் வண்டியையோ பிடிக்கலாம். ஐகான்சியாமில் இறங்குவோர் தங்கத் தடத்தில் ஏறுவது எல்லாவற்றையும்விட எளிது.